தொழுவமும் களவெட்டியும்: மட்டக்களப்பில் நத்தார்ச் சிறுவர் கதையின் விலங்குகள்

1

இலக்கிய வரலாறு எழுதுவோர் சிறுவர் கதைகளைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. எளிய மொழியிற் சொல்லப்படுவதால் அவை இலக்கியத் தரத்துக்குக் கீழ்ப்பட்டனவாகக் கருதப்படுகின்றன. சமயஞ் சார்ந்த சிறுவர் கதைகளோ வழிபாட்டின் துணைக்கருவிகள் என்ற அளவில் ஆய்வுப் பரப்புக்கு வெளியே விடப்படுகின்றன. ஆயின், ஒரு சமுதாயம் தனது உற்பத்தி உறவுகளுள் எதனை அடுத்த தலைமுறைக்குச் சொல்ல விரும்புகின்றது, எதனைச் சொல்லாது விடுகின்றது என்பதை அறியச் சிறுவர் கதை மிக நேரடியான சான்றாகும். வளர்ந்தோர்க்கான இலக்கியத்திற் பல மடிப்புகளுள் மறைந்து நிற்கும் கருத்துநிலை, சிறுவர் கதையில் நீதியாகவே வெளிப்பட்டு நிற்கும்.

நத்தார்க் காலத்திற் சிறுவருக்குச் சொல்லப்படும் விலங்குக் கதையொன்று யாவரும் அறிந்தது. பாலன் பிறந்த இரவில் தொழுவத்து விலங்குகள் பேசத் தொடங்குகின்றன. தாயைச் சுமந்து வந்தது தானே என்கிறது கழுதை. தன் தீவனத்தொட்டியைத் தொட்டிலாகக் கொடுத்ததாகச் சொல்கிறது பசு. செம்மறி தன் கம்பளியைத் தருகிறது. சேவல் செய்தியை ஊருக்கு அறிவிக்கிறது. கொடுக்க எதுவுமற்ற சிறு விலங்கொன்று இறுதியில் தன் அன்பைக் கொடுக்கிறது. ஐரோப்பிய மொழிகளில் இது பாடலாகவும் கதையாகவும் பல வடிவங்களில் வழங்கியது. தனியொரு ஆசிரியருக்கு உரியதன்று. மிஷன் பாடசாலைகளும் ஞாயிற்றுப் பள்ளிகளும் சென்ற இடமெங்கும் இதுவும் சென்றது.

மாட்டைப் படத்தில் மட்டும் பார்த்த நகரத்துச் சிறுவனுக்கு இது இனிய கற்பனை. ஆனால் மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், தந்தையோ தமையனோ பிறருடைய மாட்டுப் பட்டிக்குக் காவலிருக்கும் குடும்பத்திற் பிறந்த சிறுவனுக்கு இக்கதை எதைச் சொன்னது? எதனை மறைத்தது? இவ்விரு வினாக்களுக்கும் வரலாற்று அடிப்படையில் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலில் விலங்குகளின் வரலாற்றைப் பார்த்தல் வேண்டும். லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரம் பிள்ளை கிடத்தப்பட்ட தீவனத்தொட்டியைக் குறிப்பிடுகின்றதேயன்றி, அதில் தீவனம் உண்ணும் விலங்கு எதனையும் குறிப்பிடவில்லை. மேய்ப்பரின் மந்தை அங்குப் பேசப்படுகின்றது. ஆயின் அது வயல்வெளியிலேயே நிற்கின்றது. மத்தேயு சுவிசேஷத்தில் தீவனத்தொட்டியும் இல்லை. ஆகவே கதையின் பிரதான பாத்திரங்களான எருதும் கழுதையும் மூலநூல்களின் பிறப்புக் கதையில் இல்லாதவை.

அவை வந்த வழி கவனத்துக்குரியது. பழைய ஏற்பாட்டில் ஏசாயாவின் முதலாம் அதிகாரத்து மூன்றாம் வசனம், எருதுக்குத் தன் உடைமையாளனை அடையாளங் காணும் அறிவும், கழுதைக்குத் தன் எசமானின் தீவனத்தொட்டியை அடையாளங் காணும் அறிவும் இருக்க, மக்களிடம் அத்தகைய அறிவு இல்லையே எனக் கடிந்துரைக்கின்றது. தொட்டி என்ற ஒரே சொல்லைப் பற்றிக்கொண்டு ஆதித் திருச்சபையினர் இவ்வசனத்தைப் பிறப்புக் கதையோடு இணைத்தனர். 4ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவக் கற்பேழைச் சிற்பங்களில் எருதும் கழுதையும் குழந்தையின் அருகே நிற்கின்றன. ஏறக்குறைய 7ஆம் நூற்றாண்டளவில் இலத்தீனில் உருவான, மத்தேயுவின் பெயரேற்றப்பட்ட தள்ளுபடி ஆகமமொன்றில் அவை குழந்தையை வணங்குகின்றன. 1223இல் அசிசியின் பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சியோ என்னும் ஊரில் வைக்கோலிட்டு, உயிருள்ள எருதையும் கழுதையையும் நிறுத்தி நத்தாரைக் கொண்டாடினார். பாலன் குடில் மரபு பரவுவதற்கு அந்நிகழ்ச்சி பெருந்தூண்டுதலாயிற்று.

இவ்வரலாற்றில் முரண்பட்ட இரு கூறுகள் இணைந்துள்ளன. வணிக நகரங்களும் பணப் பொருளாதாரமும் தலையெடுத்த காலத்தில், துணிவணிகரின் மகனாகிய பிரான்சிஸ் செல்வத்தைத் துறந்து, இறைமகனை மாட்டின் மூச்சுக் காற்றினிடையே நிறுத்தியமை ஏழைகளின் பக்கஞ் சார்ந்த செயலே. ஒடுக்கப்பட்டோரின் இயக்கமாக ஆதிக் கிறிஸ்தவத்தைக் கண்ட ஏங்கெல்சின் 1894ஆம் ஆண்டுக் கட்டுரையை அறிந்தோர் இதனை எளிதில் ஏற்பர். எனினும் விலங்குகள் கதைக்குள் நுழைவதற்கு வாயிலாக அமைந்த வசனமோ உடைமையைப் பற்றியது. தன்னை உடையவன் யார் என்பதை அறிதலே அங்கு விலங்கின் அறிவாகப் போற்றப்படுகின்றது.

சிறுவர் கதையாக இது வளர்ந்த சூழல் இரண்டாவது கூற்றையே வலுப்படுத்தியது. 1780இல் இங்கிலாந்தின் குளொஸ்டரில் இறொபேட் றெயிக்ஸ் தொடங்கிய ஞாயிற்றுப் பள்ளி, வாரநாட்களில் வேலைசெய்த ஏழைச் சிறுவருக்கானது. அவர்களுக்கு ஓய்வான ஒரே நாள் ஞாயிறு. அவ்வியக்கத்தின் ஆதரவாளரான சேரா திறிமர் 1786இல் வெளியிட்ட பறவைக் கதை நூல், விலங்குகளிடத்துக் கருணையையும், ஒவ்வோர் உயிரும் தனக்கு விதிக்கப்பட்ட நிலையில் அமைந்திருத்தலையும் ஒருங்கே போதித்தது. தனக்குள்ளதை முறுமுறுப்பின்றிக் கொடுக்கும் தொழுவத்து விலங்குகள் இந்த நீதியின் வழித்தோன்றல்களே.

3

மட்டக்களப்புக்கு நத்தார் மூன்று அலைகளில் வந்தது. முதலாவது போர்த்துக்கேயரோடு வந்தது. மட்டக்களப்புக் கோட்டையை அவர்கள் 1628இல் அமைத்தனர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். கோட்டை கைமாறியபோதும் பண்டிகையின் பெயர் கைமாறவில்லை. பிறப்பைக் குறிக்கும் ‘நற்றால்’ என்ற போர்த்துக்கேயச் சொல்லே இன்று இலங்கைத் தமிழில் ‘நத்தார்’ என வழங்குகின்றது. மட்டக்களப்பு நகர்ப்புறத்திற் கிரியோல் போர்த்துக்கேய மொழியைப் பேணிவந்த பறங்கியர், தச்சு வேலையிலும் கொல்லு வேலையிலும் ஈடுபட்ட உழைப்பாளராக அப்பண்டிகையைத் தம் இசையோடும் ஆடலோடும் காத்துவந்தனர்.

இரண்டாவது அலை உவெஸ்லியன் மெதடிஸ்த மிஷனரிமாருடையது. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ற் மறு ஆண்டிலேயே இறந்துபோனார். அவர் இட்ட அடித்தளத்திலிருந்து மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தோற்றத்தைக் கணிக்கின்றது. ஞாயிற்றுப் பள்ளியும் அதன் கதைகளும் இங்கிலாந்தின் கைத்தொழிற் சமுதாயத்திலிருந்து இவ்வழியாகவே வந்து சேர்ந்தன. மூன்றாவது, புத்தெழுச்சி பெற்ற கத்தோலிக்கக் கல்விப் பணி. 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரி பின்னர் யேசு சபையினரின் பொறுப்பில் வளர்ந்தது. பாலன் குடிலும் கத்தோலிக்கக் கோயில்களின் நத்தாரில் முக்கிய இடம்பெற்றது.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்திற் கிறிஸ்தவர்கள் பத்திலொரு பங்கை எட்டாத சிறுபான்மையினர். ஆயினும் பாடசாலைகளின் வழியாக இக்கதை சைவ, இஸ்லாமியச் சிறுவரையும் எட்டியது. 1892இற் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் மெதடிஸ்தப் பாடசாலையிலும் புனித மிக்கேலிலும் கற்றவர் என்பதை நினைவுகூர்தல் பொருந்தும். பின்னர் அவர் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கியமை, மிஷன் கல்விக்கு எதிரான விடையாகவும் அதன் அமைப்பு முறையை உள்வாங்கிய செயலாகவும் ஒருங்கே அமைந்தது.

தமிழ்ப்படுத்தலைப் பொறுத்தவரையில் ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. கற்றோருக்கெனக் காப்பியம் இயற்றிய வீரமாமுனிவர் 1726இன் தேம்பாவணியில் யூதேய நாட்டைத் தமிழ்க் காப்பிய மரபின் நாட்டு வருணனைக்குள் அமைத்துவிட்டார். அங்கு வயலும் வாய்க்காலும் தமிழ் நிலத்துக்குரியன. விவிலிய மொழிபெயர்ப்பாளரோ சொற்களோடு போராடினர். 1714-15இல் தரங்கம்பாடியில் அச்சான சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு முதல், யாழ்ப்பாணத்திற் பேர்சிவல் பாதிரியாரும் ஆறுமுக நாவலரும் உழைத்து 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு வரை அப்போராட்டம் தொடர்ந்தது. புரட்டஸ்தாந்தர் வழக்கில் ‘முன்னணை’, ‘மேய்ப்பர்’ எனவும், கத்தோலிக்கர் வழக்கில் ‘தீவனத் தொட்டி’, ‘இடையர்’ எனவும் சொற்கள் வேறுபட்டு நின்றன. இவ்வாறான உழைப்பு எதுவும் சிறுவர் கதைக்குச் செலவிடப்படவில்லை. கழுதை கழுதையாகவே வந்தது. மன்னாரிலும் புத்தளத்திலும் காணப்படும் அவ்விலங்கு மட்டக்களப்புச் சிறுவனுக்குப் படத்திற் கண்ட பிராணியே. கம்பளி கொடுக்கும் செம்மறியும் அவ்வாறே. அவன் நாள்தோறும் கண்ட எருமைக்கு அக்கதையில் இடமில்லை.

4

அந்த எருமையின் உலகம் எத்தகையது? வாவிக்கு மேற்கே பரந்த வயல்வெளிகளில் நிலம் போடிமார் கையிற் குவிந்திருந்தது. போடியாரின் கீழ் முல்லைக்காரர், அவரின் கீழ் வயற்காரர் என உழைப்பு ஒழுங்கமைக்கப்பட்டது. நிலத்தைப் போன்றே பட்டியும் செல்வத்தின் அளவுகோலாயிற்று. எருமைகளை விட்டு மிதிப்பித்தே வயல் சேறாக்கப்பட்டது. விளைந்த கதிர் சூடாகக் குவிக்கப்பட்டபின், அதனை மிதித்து நெல்லைப் பிரித்தவையும் மாடுகளே. அதாவது மாடு இப்பிரதேசத்தில் பால் தரும் பிராணி மாத்திரமன்று, உற்பத்திக் கருவி.

அக்கருவி யாருடையது என்பதை மாட்டின் உடலிற் சுடப்பட்ட குறி அறிவித்தது. அக்குறிகள் உடைமையாளரின் குடியையும் சாதியையும் புலப்படுத்தின. ஏசாயாவின் எருதுக்குத் தன்னை உடையவனை அறிய அறிவு வேண்டியிருந்தது. மட்டக்களப்பின் எருதுக்கோ அவ்வறிவு தோலிலேயே எழுதப்பட்டிருந்தது. அதனைக் காத்தவனின் பெயருக்கு அங்கு இடமில்லை.

நத்தார் வரும் பருவத்தையும் இங்குக் கருதுதல் வேண்டும். டிசெம்பர் 25 பிறப்புத் திருநாளாகக் கொள்ளப்பட்டமைக்கு 336ஆம் ஆண்டின் உரோமைச் சான்றே மிகப் பழையது. அது ஐரோப்பாவிற் பனிக்காலம். மட்டக்களப்பிலோ அது வடகீழ்ப் பருவமழை உச்சமடையும் காலம். பெரும்போகப் பயிர் வயலிற் பச்சையாக நிற்கும், வாவி பெருகும், தாழ்நிலம் வெள்ளக்காடாகும். பயிரை மாடு மேயாதிருக்கப் பட்டிகளை வயலிலிருந்து அகற்றி மேட்டு நிலத்துக்கும் காட்டோர மேய்ச்சற்றரைகளுக்கும் கொண்டுசெல்வர். அங்குக் கூரையும் சுவருமுள்ள தொழுவம் இல்லை. மரக்கொம்புகளால் அடைத்த ‘காலை’யே உண்டு. மாடு மழையில் நிற்கும். காவற்காரன் சிறு கொட்டிலில் விழித்திருப்பான்.

லூக்காவின் கதையில் இரவில் மந்தையைக் காத்து விழித்திருந்தோரே முதற் செய்தியைப் பெறுகின்றனர். அவ்வாறாயின் மட்டக்களப்பிற் கதையின் நாயகனாக வேண்டியவன் இந்தக் காவற்காரனே. சிறுவர் கதையில் நிகழ்வது இதற்கு மாறானது. விலங்குகளுக்குப் பேச்சு வந்தவுடன் மேய்ப்பன் ஊமையாகின்றான். கம்பளியைச் செம்மறி கொடுத்தது எனச் சொல்லும்போது, அதனைக் கத்தரித்தவனும் நூற்றவளும் நெய்தவரும் கதையிலிருந்து நீங்கிவிடுகின்றனர். கொடை என்ற சொல் உழைப்பையும் உடைமையையும் ஒருங்கே மூடிவிடுகின்றது.

5

மட்டக்களப்பின் வாய்மொழி மரபு இதற்கு நேர்மாறான ஓர் உறவைக் காட்டுகின்றது. ஏர்ப்பாட்டிலும் சூடுமிதிக்கும் பாட்டிலும் விலங்கு பேசுவதில்லை. உழைப்பாளி விலங்கோடு பேசுகின்றான். இரவிலும் தொடரும் சூடுமிதிப்பில் மாடும் மனிதனும் ஒரே வட்டத்திற் சுற்றுகின்றனர். களவெட்டியில் நாளாந்தச் சொற்களை விலக்கி, அவ்விடத்துக்கெனவே உரிய சொற்களை வழங்கும் மரபும் இருந்தது. மாட்டைக்கூட அதன் வழமையான பெயராற் குறிப்பதில்லை. பூதங்கள் பொலியைக் கவர்ந்துவிடும் என்ற அச்சம் இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) போன்ற நூல்கள் இப்பிரதேசத்தின் இத்தகைய வழக்காறுகளைப் பேணித் தந்துள்ளன. உழைத்துப் பெற்ற விளைவு கண்ணெதிரே குவிந்து கிடக்கும் போதே அது கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம் பூதத்தைப் பற்றியது மாத்திரந்தானா என்பது சிந்தனைக்குரியது. பொலியிற் பெரும்பங்கு யாருடைய களஞ்சியத்துக்குச் சென்றது என்பதை அறிந்தவர்களே அங்கு மாட்டை நடத்தினர்.

இந்தக் களவெட்டிக்கு மிக நெருங்கிய வசனமொன்று விவிலியத்திலேயே இருந்தது. உபாகமம் 25ஆம் அதிகாரத்து நான்காம் வசனம், கதிர் மிதிக்கும் மாட்டின் வாயைக் கட்டலாகாது என விதிக்கின்றது. உழைக்கும் விலங்கு உழைக்கும்போதே அவ்விளைவில் உண்ணும் உரிமையுடையது என்பது அதன் பொருள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தில் இவ்விதியை மாட்டிலிருந்து மனிதனுக்கு நகர்த்தினார். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தில் இது வேலையாளின் கூலி உரிமையோடு நேரடியாகவே இணைக்கப்படுகின்றது.

ஆகவே விவிலிய மரபிலேயே இரு மாடுகள் உண்டு எனலாம். ஒன்று ஏசாயாவின் மாடு; அது தன் எசமானை அறியும். மற்றையது உபாகமத்தின் மாடு. அது தன் உழைப்பில் உண்ணும். முதலாவது நத்தார்க் கதையின் தொழுவத்துக்குள் கொண்டுவரப்பட்டது. இரண்டாவது களத்திலேயே விடப்பட்டது. படுவான்கரைச் சிறுவன் விளக்கவுரை எதுவுமின்றி உடனே விளங்கிக்கொள்ளக்கூடியதாக இருந்தது இரண்டாவது மாட்டையே. அவனுக்குச் சொல்லப்பட்டதோ முதலாவது. இது தனியொரு மிஷனரியின் சூழ்ச்சியன்று. பாடசாலை நிலமுடையோரின் ஆதரவையும் அரசின் நன்கொடையையும் சார்ந்து நின்ற சமுதாய அமைப்பில், எந்த வசனம் சிறுவர்க்குரியதாகத் தெரிவுசெய்யப்படும் என்பதை அவ்வமைப்பே பெரிதும் தீர்மானித்தது.

எனினும் கதையைக் கேட்டோர் வெறும் ஏற்பிகளாக இருந்தனர் எனக் கொள்வது இயந்திரப் பாங்கான பார்வையாகும். குடில் கட்டுவோர் தம் வயல் வைக்கோலையும் தம் ஊர்க் களிமண்ணையும் கிடுகையும் கொண்டு அதனை அமைக்கும்போது, பெத்லகேம் தம் கொட்டிலின் சாயலைப் பெறுகின்றது. உலகின் இரட்சகன் மாடு தின்னும் இடத்திற் பிறந்தான் என்ற செய்தி, மாட்டோடு வாழ்வதால் இழிவாகக் கருதப்பட்ட சிறுவனுக்குத் தலைநிமிர்வையும் கொடுத்திருக்கும். மதத்தை ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சாக மார்க்ஸ் கண்டதன் முழுப்பொருள், அதன் மறைக்கும் பண்போடு இந்த எதிர்ப்புப் பண்பையும் சேர்த்துக் காணும்போதே புலப்படும்.

6

களவெட்டியின் அவ்வுலகம் இன்று பெரிதும் மாறிவிட்டது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், அதனையடுத்துப் பரவிய உழவு இயந்திரமும், பின்னர் வந்த அறுவடை இயந்திரமும் மாட்டைப் படிப்படியாக வயலிலிருந்து வெளியேற்றின. 1978 நவம்பர் 23இற் சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியபோது மனித உயிர்களோடு பெருந்தொகையான கால்நடைகளும் அழிந்தன. அதன் பின்னர் வந்த நெடும்போர்க் காலத்தில் மேய்ச்சற்றரைகளுக்குச் செல்வதே உயிராபத்தாயிற்று. உழவுக் கருவியாக இருந்த மாடு இன்று முதன்மையாகப் பாலுக்கும் இறைச்சிக்கும் உரிய சந்தைப் பொருளாகியுள்ளது.

ஆயின் மேய்ச்சலின் கேள்வி முடிவடையவில்லை. மாவட்டத்தின் மேற்கெல்லையிலுள்ள மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரையில் வெளிமாவட்டத்தோர் பயிர்ச்செய்கையில் ஈடுபடுத்தப்பட்டமையை எதிர்த்து, பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். தம் மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் இறப்பதாக அவர்கள் முறையிட்டனர். அவ்வாண்டின் நத்தாரும் அவர்களுக்குப் போராட்டத்தினிடையே வந்தது. பெரும்போகக் காலத்தில் வயலிலிருந்து அகற்றப்படும் பட்டிகளுக்கு அந்நிலமே போக்கிடம். சத்திரத்தில் இடமில்லாமையால் தொழுவத்தைத் தேடிய குடும்பத்தின் கதையைச் சிறுவர்கள் கேட்கும் அதே பருவத்தில், மட்டக்களப்பின் மாட்டுக்கு நிற்க இடமில்லை. இன அரசியலும் நில அரசியலும் பிணைந்த இச்சிக்கலைப் பேசும் தமிழ்ச் சிறுவர் கதை நமக்கு வேண்டும்.

மார்க்ஸ் 1844இல் வெளியான ‘யூதர் பிரச்சினை பற்றி’ என்ற கட்டுரையில், 16ஆம் நூற்றாண்டு ஜேர்மன் விவசாயிகள் போரின் தலைவர்களுள் ஒருவரான போதகர் தோமஸ் முன்சரை எடுத்தாள்கிறார். நீரின் மீன், வானத்துப் பறவை, நிலத்தின் பயிர் என எல்லாமே உடைமையாக்கப்பட்டுவிட்டதையும், உயிரினமும் விடுதலை பெற வேண்டியிருப்பதையும் பற்றியது முன்சரின் அக்கூற்று. விவிலியத்தைக் கையிலேந்தியே கிளர்ச்சி செய்து 1525இற் கொல்லப்பட்டவர் அவர். நத்தார்க் கதையின் விலங்குகள் பேசத் தொடங்கினால் இதனைப் பேசுதல் ஆகாத காரியமன்று. இதற்கான மரபு கிறிஸ்தவத்துக்குள்ளேயே உண்டு.

ஆகவே இக்கதையைத் தள்ளிவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபன்று. அதனை மீளச் சொல்லவேண்டும் என்பதே முடிபு. மீளச் சொல்லும்போது கழுதையின் இடத்தில் எருமை வரட்டும். பனியின் இடத்தில் மார்கழி மழை வரட்டும். ஆயின் அத்தகைய புற மாற்றங்கள் மாத்திரம் போதா. காலையின் வாயிலில் நனைந்தபடி விழித்திருக்கும் காவற்காரனுக்குப் பேச்சு திரும்பக் கொடுக்கப்படல் வேண்டும். மாட்டின் தோலிலுள்ள குறி யாருடையது என்று கதையிலுள்ள சிறுவன் கேட்க வேண்டும். சூடு மிதிக்கும் மாடு அவ்விளைவில் உண்ணலாம் என்றால், மாட்டை நடத்தியவனுக்கு ஏன் அவ்வுரிமை இல்லை என்று அவன் அடுத்துக் கேட்பான். அக்கேள்விக்கு இடமளிக்கும் கதையே மட்டக்களப்புச் சிறுவரின் நத்தார்க் கதையாக அமையும்.